சீராகப் போன நீல மெத்தை

மூன்று மாதத்துக்கு முன்னால் மகள் பெரிசாத்தின் கல்யாணத்துக்கு நானூறு பேரைக் கூப்பிட்டுக் கறியும் சோறும் போட்ட வீடு இது. வந்தவர்கள் ஏப்பம் விட்டு, வாயார வாழ்த்திவிட்டுப் போனார்கள். அந்த வீட்டுக்காரர் எசென்குல் போன வெள்ளிக்கிழமை மாட்டுக் கொட்டகைக் கூரையில் பனி தள்ள ஏறி, வழுக்கி விழுந்து, இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். வாழ்த்தியவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். ஆளுக்கு இரண்டு ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆப்பிளை வைத்துக்கொண்டு எலும்பை ஒட்ட முடியாதே!

செவ்வாய்க்கிழமை காலையில் அசில்கான் புருஷனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய காலில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் எடை தொங்கவிட்டிருந்தார்கள்.

"டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னாரு?" என்றார் எசென்குல்.

"தகடு வெக்கணுமாம்."

"வெக்கட்டுமே. நானா வேண்டாங்கறேன்?"

"தகட்டை நாமதான் வாங்கித் தரணுமாம். பிஷ்கெக்லதான் கிடைக்குமாம். வியாழக்கிழமை பெரிய டாக்டர் வர்றாரு. அவரை விட்டா அடுத்த மாசம்தான்."

"எவ்வளவாம்?"

"மருந்தோட சேத்து நாப்பத்தஞ்சாயிரம் சோம்."

பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். 

"இரும்புத் தகடுதானே கேக்கறாங்க? தங்கத்துலயா பண்றாங்க?"

"சும்மா இருங்க."

"வெக்கலன்னா என்னாகும்?"

"தானாக் கூடுமாம். ஆனா கோணலாக் கூடுமாம்."

 எசென்குல் சொந்த ஊரான கொச்கோருக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் நடுவில் வேன் ஓட்டுகிறவர். கிளட்ச் மிதிக்கிற கால் கோணினால் வேன் இல்லை. வேன் இல்லை என்றால் அடுப்பில் உலை இல்லை. இதை ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

"தெமிர் நாளைக்கு விடியக்காலைல வேன் எடுக்கறான். பணத்தைக் குடுத்து விட்டா சாயங்காலமே வாங்கிட்டு வந்துடுவான்" என்றார். தெமிர் அவருடைய கூட்டாளி. "செவலையை வித்துடேன்."

"மாட்டுச் சந்தை சனிக்கிழமை. அதுவும் கன்னு போடற மாட்டை இந்தக் குளிர்ல எவன் விலை குடுத்து வாங்குவான்?"

"சொந்தக்காரங்க?"

"மொய் வெச்சு மூணு மாசம்தான் ஆச்சு. அவங்ககிட்டயே போய் மறுபடி கையேந்தச் சொல்றீங்களா?"

எசென்குல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அடுத்ததை அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"அசில், வீட்டுல ஒண்ணுமே இல்லையா? ஒரு அவசரத்துக்குன்னு, பொம்பளைங்க ஏதாவது..."

"என்கிட்ட என்ன இருக்கு?" என்றாள் அசில்கான். சொல்லிவிட்டு, சரியாக இருந்த போர்வையை மறுபடி சரிசெய்தாள்.

"போகட்டும் விடு. கால் கோணினா என்ன? குதிரை மேல ஏத்தி உக்கார வெச்சிட்டா எவனுக்குத் தெரியப்போகுது?"

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார். அசில்கானுக்குச் சிரிப்பு வரவில்லை. வராண்டாவுக்கு வந்து சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பொய் சொன்னது இது முதல் தடவை இல்லை. ஆனால் காலில் எடை கட்டிக் கிடக்கிற மனுஷனிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஏனென்றால் பணம் இருந்தது. ஐம்பதாயிரம் சோம் இருந்தது. அது இருந்த இடம்தான் கேவலம்.

எசென்குல் குடிகாரர் இல்லை, சூதாடி இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. யார் வந்து கேட்டாலும் 'இல்லை' என்று சொல்ல நாக்கு வராது. சித்தப்பா மகன் வீட்டு விசேஷமா, பெரியம்மாவின் துக்கமா, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் பிள்ளைக்குப் பேர் வைக்கிறானா, முதல் ஆளாகப் போய் நிற்பார். அசில்கானுக்கு மூன்று தடவை சீட்டு விழுந்தது. மூன்று தடவையும் அந்தப் பணம் யார் யார் வீட்டுப் பந்தியிலோ போய் உட்கார்ந்துகொண்டது.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பக்கத்தில் விசேஷத்துக்குக் கொடுக்காதவனை ஆம்பிளை என்றே கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

அதனால்தான் அவள் ஒளிக்க ஆரம்பித்தாள். பாலாடை விற்ற காசு, கம்பளிக் காலுறை பின்னி விற்ற காசு என்று நாலு வருஷம் சேர்த்தாள். வீட்டில் ஒளிப்பதற்கு என்ன இடம் இருக்கிறது? பெட்டிமேல் அடுக்கி வைத்திருக்கும் மெத்தைகள்தான். கீழேயிருந்து மூன்றாவது, நீல வெல்வெட் மெத்தை. அதன் ஒரு மூலையைப் பிரித்து, கம்பளிக்கு நடுவில் காகிதப் பையைத் திணித்து, கைக்குக் கிடைத்த சிவப்பு நூலால் தைத்துவிட்டாள். ராத்திரி படுக்கும்போது அந்த அடுக்கை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம்தான் தூக்கம் வரும்.

அப்படிப்பட்ட மெத்தை கல்யாணத்தன்று கண்ணெதிரே போனது.

சம்பந்தி வீட்டாருக்குச் சீர் எடுத்து வைக்கும் பொறுப்பு மூத்த ஓரகத்தி பாத்மாவுடையது. எசென்குல்லின் அண்ணன் மனைவி. வாய் நீளம், கை அதைவிட நீளம். கூடம் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, பாத்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சீர்க் குவியலைப் பார்த்தாள்.

"எட்டு மெத்தைதானா? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க? அந்த நீலத்தையும் இழு."

"அக்கா, அது வேண்டாம். அது பழசு."

"பழசா? நீ தெச்சு அஞ்சு வருஷம்கூட ஆகல, பழசாம்! என்னடி, பெத்த மகளுக்குக் குடுக்க மனசு வரலையா?"

கூடமே சிரித்தது. சம்பந்தியம்மாள் காலிப்பா மட்டும், காதில் விழாத மாதிரி டீக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மெத்தையின் ஒரு முனை பாத்மாவின் கையில், மறு முனை அசில்கானின் கையில். ஒரு வார்த்தை போதும். 'அதுல பணம் இருக்கு.' சொல்லியிருந்தால்? நானூறு பேருக்கு நடுவில் எசென்குல்லின் முகம் என்ன ஆகியிருக்கும்? புருஷனை நம்பாமல் பணத்தை ஒளித்து வைத்தவள் என்று எத்தனை வருஷம் பேசுவார்கள்?

அசில்கான் கையை விட்டாள்.

"எடுங்கக்கா. நல்லபடியாப் போகட்டும்" என்றாள்.

அப்புறம் மகளுக்கு எத்தனையோ தடவை போன் செய்தாள். கேட்க நினைத்து வாயைத் திறந்தால், "சாப்ட்டியாம்மா?" என்றுதான் வரும். புது மருமகள் மாமியாரின் மெத்தை அடுக்கில் கை வைப்பதாவது! கொடுத்த சீரைப் பெண்ணின் அம்மாவே திருட்டுத்தனமாகப் பிரிக்கச் சொல்வதாவது! இருக்கட்டும், அங்கே பத்திரமாகத்தான் இருக்கும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டினாள்.

இனி ஓட்ட முடியாது. நாளை விடியற்காலை தெமிர் வேன் எடுக்கிறான்.

*

சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? தன் பணத்தைத் தானே கேட்கப் போகிறவளானாலும் முடியாது.

அவள் பையில் ஆயிரம் சோம் இருந்தது. நேற்று சாயங்காலம் பாத்மா வீட்டு வாசலில் போய் நின்றபோது கிடைத்தது அது. பாத்மா அவளை உள்ளேகூடக் கூப்பிடவில்லை. படலுக்கு வெளியே வந்து, முகத்தைப் பார்க்காமல், நோட்டைக் கையில் திணித்தாள். "எங்களுக்கும் முடை. இதுக்கு மேல கேக்காத அசில்" என்று திரும்பிப் போய்விட்டாள். புது வருஷம் பிறந்ததிலிருந்தே அவள் இப்படித்தான். வீட்டுக்குள் விட்டு ஒரு டீ கொடுப்பதில்லை. என்ன கோபமோ, யார் கண்டது?

கடைத்தெருவில் அந்த ஆயிரத்தில் ஒரு தலைத்துணியும் மிட்டாயும் வாங்கினாள் அசில்கான். ஆஸ்பத்திரிக்கு ஊசி வாங்க வைத்திருந்த காசு. கடைக்காரி பூப்போட்ட தாளில் சுற்றி, "சம்பந்தி வீட்டுக்கா? குடுத்து வெச்சவங்க!" என்றாள். அசில்கான் 'ஆமாம்' என்று தலையாட்டினாள்.

மலைக்கு அந்தப் பக்கம் போகும் டாக்சியில் நாலாவது ஆளாக இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வழி நெடுக ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அது பிச்சை கேட்கிற மாதிரியேதான் இருந்தது.

காலிப்பா வாசலுக்கே ஓடி வந்தாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க! சொல்லாம கொள்ளாம! அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு? நாங்களே வியாழக்கிழமை பாக்க வர்றதா இருந்தோம். டேய் மிர்லான், ஆட்டைப் பிடிடா!"

"ஐயோ, வேண்டாம் சம்பந்தி! ஒரு வாய் டீ குடிச்சிட்டுக் கிளம்பிடுவேன்."

"டீயோட அனுப்பிட்டு நான் இந்த ஊர்ல தலை காட்ட வேண்டாமா? நல்லாச் சொன்னீங்க!"

மாப்பிள்ளை மிர்லான் கொட்டகைப் பக்கம் போனான். பெரிசாத் முக்காடு சரிய வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. நல்ல இடம்தான் என்று நினைத்தபடி, அசில்கானின் கண் அதற்குள் மெத்தை அடுக்குக்கு ஓடிவிட்டது.

சிவப்பு, பச்சை, பூப்போட்டது, கோடு போட்டது. நீலம் இல்லை.

மேலேயிருந்து கீழே பார்த்தாள். கீழேயிருந்து மேலே பார்த்தாள். அவள் பார்ப்பதைக் காலிப்பா பார்த்துவிட்டாள்.

"என்ன சம்பந்தி, எதைத் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த நீல வெல்வெட்டு, நான் என் கையால தெச்சது..."

காலிப்பாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. "அது பெட்டிக்குள்ள இருக்கு. நல்ல மெத்தையாச்சே, அழுக்காயிடும்னு உள்ள வெச்சேன்" என்றாள். குரலில் சுருதியே சேரவில்லை.

பெரிசாத் அம்மாவுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கவனம் தப்பிக் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டாள். விருந்தாளிக்குக் கிண்ணம் நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். பெற்ற தாய்க்கா இப்படி என்று மாமியார் அவளை முறைத்தாள். பெரிசாத் அழாத குறை.

இந்த நேரம் பார்த்து மிர்லான் வாசற்படிக்கு ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தான். நல்ல கொழுத்த ஆடு. வீட்டுக்கு வந்தவர்களின் முன்னால் நிறுத்தி, அவர்கள் இரண்டு கையையும் ஏந்தி ஆசி சொன்ன பிறகுதான் கத்தி வைப்பார்கள். மிர்லான் கையை ஏந்தினான். காலிப்பா ஏந்தினாள். பெரிசாத் ஏந்தினாள். எல்லோரும் அசில்கானைப் பார்த்தார்கள்.

அவளுக்குக் கை எழவில்லை.

'இந்த வீட்டில் செல்வம் குறையாமல் இருக்கட்டும்' என்று அவள் சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது? ஆடு அவளைப் பார்த்தது. அதற்கும் அவசரமாக ஒரு பதில் வேண்டியிருந்தது.

"அறுக்காதீங்க" என்றாள் அசில்கான். "நான் விருந்துக்கு வரல, சம்பந்தி. பணத்துக்கு வந்திருக்கேன்."

யாரும் கையை இறக்கவில்லை. அப்படியே நின்றார்கள்.

அதற்கு அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. கால், தகடு, ஒளித்த பணம், சிவப்பு நூல், கல்யாணத்தன்று கையை விட்டது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சொல்லச் சொல்ல உடம்பு கூசியது. மாப்பிள்ளையின் முன்னால் இப்படியெல்லாம் பேசுவாள் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

"அம்மா, அப்பாவுக்குச் சின்ன அடின்னுதானே போன்ல சொன்ன?" என்று பெரிசாத் அழுதாள்.

"என்னத்தைடி சொல்றது? கல்யாணம் பண்ணி மூணு மாசத்துல கஞ்சிக்கு வழியில்லன்னு சொல்லவா?"

காலிப்பா மெதுவாக உட்கார்ந்தாள். முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"மெத்தை பெட்டிக்குள்ள இல்ல, சம்பந்தி. நான் பொய் சொன்னேன்."

"எங்க இருக்கு?"

"உங்க வீட்டுலதான். உங்க ஓரகத்திகிட்ட."

"பாத்மா அக்காகிட்டயா?"

"வருஷப் பிறப்புக்கு அவங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் திடுதிப்புனு வந்து இறங்கினாங்க. சம்பந்தி வீட்டுப் பெரியவங்களை வெறுங்கையோட அனுப்ப முடியுமா? நீங்க குடுத்த சீரெல்லாம் அதுக்கு முன்னாடியே எங்க சொந்தத்துக்குப் பிரிச்சுக் குடுத்தாச்சு. மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். உங்க சீரை உங்க வீட்டுக்கே மடிச்சுக் குடுத்தேன். அவங்களுக்கு அடையாளம் தெரியக் கூடாதேன்னு எத்தனை வேண்டுதல்! இன்னிக்கு நீங்க வந்து நின்னதும், அதைக் கேட்டு என் மானத்தை வாங்கத்தான் வந்திருக்கீங்கன்னு நினைச்சுட்டேன். ஆட்டைப் பிடிக்கச் சொன்னதே அந்தப் பயத்துலதான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அழுவதா சிரிப்பதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. காலிப்பாதான் முதலில் எழுந்தாள்.

"மிர்லான், ஆட்டைக் கார்ல ஏத்து. சம்பந்தியைக் கொண்டுபோய் விட்டுட்டு வா."

"சம்பந்தி, ஆடெல்லாம்..."

"பேசாம எடுத்துட்டுப் போங்க. எப்படியும் இன்னிக்கு உங்களுக்காகப் போக வேண்டிய ஆடு. வித்துக்குங்க. கையில காசா எங்ககிட்டயும் ஒண்ணும் இல்ல, இருந்தா கண்ணை மூடிட்டுக் குடுப்பேன்" என்றாள் காலிப்பா. அவள் கண் கலங்கியிருந்தது.

*

ஆடு காரின் பின்பக்கம் கத்திக்கொண்டே வந்தது. அசில்கானுக்கு நெஞ்சில் பாதி பாரம் இறங்கியிருந்தது. மெத்தை வெளியில் போகவில்லை, பாத்மா வீட்டில்தானே இருக்கிறது! பாத்மா வாய் நீளம்தான், ஆனால் வீட்டு மனுஷி. வாங்கிக்கொண்டு நேரே தெமிர் வீட்டுக்குப் போய்விடலாம்.

பாத்மாவுக்கு அந்த மெத்தை அடையாளம் தெரிந்திருக்காதா என்று அவள் யோசித்தது, கார் பாத்மாவின் படலருகில் நின்ற பிறகுதான்.

பொழுது சாயும் நேரம். மிர்லான் ஆட்டை இறக்கிக் கட்டிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். வாசலில் பாத்மாவின் புருஷன், அசில்கானுக்கு மூத்த மச்சாண்டார், விறகு பிளந்துகொண்டிருந்தார். இருபத்து நாலு வருஷமாக அவர் பெயரை அசில்கான் வாயால் சொன்னதில்லை. மரியாதை. நாமும் சொல்லாமலே விட்டுவிடுவோம்.

"வாம்மா! தம்பிக்கு எப்படி இருக்கு? என்னது, ஆடா? உள்ள வா, உள்ள வா. பாத்மா! அசில் வந்திருக்கா பாரு, நல்ல மெத்தையா எடுத்து விரி!"

பாத்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

"அவ அவசரமா வந்திருப்பா. இங்கயே பேசிட்டு..." என்றாள்.

"இந்தக் குளிர்லயா? உனக்கு என்ன பைத்தியமா?" என்று மச்சாண்டாரே உள்ளே போய், பெட்டிமேல் இருந்த மெத்தையை உருவி விரித்தார். "உக்காரும்மா. நம்ம சம்பந்தியம்மா குடுத்தது. என்ன தடிமன் பாரு!"

நீல வெல்வெட்.

அசில்கான் உட்கார்ந்தாள். பாவாடை மறைப்பில் அவள் விரல்கள் மூலையைத் தேடிப் போயின. தடவினாள். மெத்தென்று, வெறும் கம்பளியாக இருந்தது. தலையைக் குனிந்து பார்த்தாள். மூலையில் தையல் இருந்தது. கறுப்பு நூல்.

நிமிர்ந்தபோது பாத்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

கூடம் நிறைய ஜனம் இருந்த அந்த நாளில், இதே மெத்தையைப் பிடித்துக்கொண்டு பாத்மா எல்லோரையும் அவளைப் பார்த்துச் சிரிக்க வைத்தாளே, இப்போது திருப்பிக் கொடுக்கலாம். புருஷன் முன்னாலேயே கேட்டுவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அசில்கானால் முடியவில்லை. அந்த முகம் அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

"அக்கா, ஆட்டுக்கு ஒரு மூலை காட்டுங்க. கொட்டகைக்கு வாங்களேன்" என்று எழுந்தாள்.

கொட்டகையில் மச்சாண்டாரின் சாம்பல் குதிரை வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. பாத்மா கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"எவ்வளவு மிச்சம் இருக்குக்கா?" என்றாள் அசில்கான்.

"ஒண்ணும் மிச்சமில்ல."

"ஒண்ணுமா?"

"ஒண்ணும்."

அசில்கான் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"உக்காரும்போது மூலையில என்னவோ நொறுநொறுன்னுச்சு. பிரிச்சேன்" என்றாள் பாத்மா. "சம்பந்தியோட பணமாத்தான் இருக்கும்னு முதல்ல நினைச்சேன். இல்ல, நினைக்கற மாதிரி நடிச்சேன். அந்தச் சிவப்பு நூலை எனக்குத் தெரியாதா? மெத்தையே நான் இழுத்துக் குடுத்த மெத்தைதானே! அன்னிக்கே உன்கிட்ட வந்திருக்கணும். வந்தா, சம்பந்தி உங்க சீரையே எனக்குத் திருப்பிக் குடுத்தாங்கன்னு சொல்லணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் குதிரைக்காரன் வந்துட்டான்."

"எந்தக் குதிரைக்காரன்?"

"உன் மக கல்யாணத்துக்கு இவரு பெரிய மனுஷனா ஒரு குதிரையைக் கொண்டாந்து அறுத்தாரே, ஊரே மெச்சுச்சே. கடன்ல வாங்கினதுடி அது. காசைக் குடு, இல்ல இந்தச் சாம்பலை அவுத்துட்டுப் போறேன்னு வாசல்ல நின்னு கத்தறான். இவரு அன்னிக்குப் பூரா சாப்பிடல. வேற என்ன பண்ணச் சொல்ற? எடுத்துக் குடுத்துட்டேன்."

அசில்கானுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பந்திக்குப் போய்விடக் கூடாது என்றுதான் நாலு வருஷம் ஒளித்தாள். கட்டின புருஷனிடமே பொய் சொன்னாள். அந்தப் பணம் கடைசியில் பந்திக்குத்தான் போயிருக்கிறது. நானூறு பேர் ஏப்பம் விட்டது அவளுடைய பாலாடைக் காசு, காலுறைக் காசு. அவளும் அந்தக் கறியில் ஒரு துண்டு சாப்பிட்டாள். ருசியாகத்தான் இருந்தது.

"நேத்து நீ வாசல்ல வந்து நின்னப்ப, பூமி பிளந்து என்னை உள்ள இழுத்துக்கக் கூடாதான்னு இருந்துச்சு" என்று பாத்மா தலைத்துணியின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "அடிச்சுடு அசில். திட்டு. ஊரைக் கூட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"என்ன சொல்லித் திட்டறது? நானும் ஒளிச்சேன், நீங்களும் ஒளிச்சீங்க."

கதவு முதுகுப் பக்கம் அசைந்தது. பாத்மா விலகினாள். கையில் விறகுச் சிராய்களோடு மச்சாண்டார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. காலடியில் பனி மிதிபட்டுக் கிடந்தது.

"மாஸ்கோவுல இருந்து உன் தம்பி அனுப்பின பணம்னு சொன்னியே, பாத்மா" என்றார்.

பாத்மா மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். குளிரில், பெண்களுக்கு முன்னால், அவர் தொப்பியைக் கழற்றி அசில்கான் பார்த்ததே இல்லை. நரைத்த தலை வியர்த்திருந்தது. அதைக் கையால் ஒரு தடவை தடவிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். ஆணியில் மாட்டியிருந்த கடிவாளத்தை எடுத்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் பாத்மா.

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. அசில்கானையும் பார்க்கவில்லை. குதிரையின் வாயில் கடிவாளத்தைப் பூட்டிக்கொண்டே கேட்டார்.

"தெமிர் எப்பம்மா கிளம்பறான்?"

"விடியக்காலைல."

"குதிரைக்காரனைப் பாத்துட்டு அதுக்குள்ள வந்துடறேன்."

சேணம்கூடப் போடாமல் குதிரையை நடத்திக்கொண்டு வெளியே போனார். அந்தக் குதிரை இல்லாமல் அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. நாளைக்கு நடந்து போவார். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். 'தம்பி காலுக்கு' என்று அவர் சொல்ல மாட்டார்.

பாத்மா அசில்கானின் கையை இறுக்கப் பிடித்தாள். "வேண்டாம்னு சொல்லு அசில். நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொன்னா நிப்பாரு."

உண்மைதான். அசில்கான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நின்றுவிடுவார். குளம்புச் சத்தம் படலைத் தாண்டியது. பனியில் மெதுவாகத் தேய்ந்தது. ஓடிப் போனால் இன்னும் பிடித்துவிடலாம்.

அவள் எழுந்திருக்கவில்லை. எசென்குல்லின் காலில் கட்டித் தொங்கும் எடைதான் கண்ணுக்குள் நின்றது. மூலையில் கட்டிய ஆடு கத்திக்கொண்டே இருந்தது. சத்தம் முழுசாக அடங்கும்வரை அசில்கான் தலையைக் குனிந்து, ஒன்றும் சொல்லாமல், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.